அடுத்த ஆண்டு வரட்டும்: சுவைஞர் எழுத்தில் ஊர்ப்பற்று

விளையாட்டைப் பற்றிய எழுத்து இருவகைப்படும். ஆடுகளத்தில் நிகழ்ந்ததை எழுதுவது ஒருவகை. ஆடுகளத்தைச் சூழ்ந்திருப்போர் நெஞ்சில் நிகழ்ந்ததை எழுதுவது மற்றொரு வகை. முன்னது செய்தி, மறுநாளே பழையதாகிவிடும். பின்னது, எழுதுவோர் வல்லவராயின், இலக்கியமாகும் தகுதி உடையது. ஆயினும் தன் குழு வென்றதென்று துள்ளுவதும் தோற்றதென்று சாடுவதும் உணர்ச்சிகளே அன்றி இலக்கியம் ஆகா. அவ்வுணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது, எதைப் பற்றி நிற்கிறது, எங்கே உடைகிறது என்று ஆராயும்போதுதான் ரசிகரின் கூச்சல் எழுத்தாளரின் குரலாக மாறுகிறது.

இவ்வகை எழுத்துக்கு ஓர் உரைகல் உண்டு. தொழில்முறைக் குழு ஒன்று ஊரின் பெயரைத் தாங்கி ஆடுகிறது. ஊரார் அதனைத் தம்முடையது என்கின்றனர். சட்டமோ அதனை முதலாளியின் உடைமை என்கிறது. ஊரின் அன்புக்கும் உடையவரின் உரிமைக்கும் இடையிலுள்ள இம்முரணை எந்த நூல் நேர்நின்று காண்கிறதோ அந்நூலே ஆழம் பெறுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் 1997இல் வெளியிட்ட 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்' என்னும் தன்வரலாற்று நூலை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பயன்தரும். ஒப்புநோக்குவதற்கு, ஆங்கில எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 1992இல் வெளியிட்ட 'ஃபீவர் பிட்ச்' நூலும் துணைசெய்யும்.

நூலின் ஊர்

குட்வின் 1943இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அதற்குக் கிழக்கே லாங் ஐலண்டு தீவிலுள்ள ராக்வில் சென்டர் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அவருடைய நெஞ்சைக் கவர்ந்தது 'புரூக்ளின் டாட்ஜர்ஸ்' என்னும் பேஸ்பால் குழு. இவ்வாட்டம் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. பள்ளித் திடல்களில் ரவுண்டர்ஸ் ஆடிய மாணவர்க்கு அதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

குழுவின் பெயரே ஊரின் வரலாற்றைச் சொல்கிறது. தெருவெங்கும் டிராம் வண்டிகள் ஓடிய காலத்தில், அவற்றில் அடிபடாமல் விலகி விலகி நடந்த புரூக்ளின் மக்களுக்கு 'டிராமுக்கு ஒதுங்குவோர்' என்னும் கேலிப்பெயர் உண்டாயிற்று. ஒதுங்குவோர் என்னும் அச்சொல்லே குழுவின் பெயராயிற்று. தனி நகராக விளங்கிய புரூக்ளின் 1898ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நியூயார்க் மாநகருடன் இணைக்கப்பட்டது. நகர் என்னும் தகுதி போன பின்னரும் அதன் பெயரைத் தனியே தாங்கி நின்றவற்றுள் இக்குழு முதன்மையானது. 1913இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்டு அரங்கம் அதன் வீடு. ஆகவே புரூக்ளின் மக்களுக்கு அக்குழு ஆட்டக்காரர் ஒன்பதின்மர் மட்டும் அன்று. இழந்த நகரின் எஞ்சிய அடையாளம்.

நூலாசிரியரின் தந்தைக்கு அஃது இன்னும் நெருங்கிய பொருள் உடையது. அவர் புரூக்ளினில் வளர்ந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். வீட்டை இழந்தவருக்கு ஊரும், ஊரைவிட்டு வந்தவருக்கு ஊரின் குழுவும் உறவாக நிற்பதனை நூல் உரக்கச் சொல்லாமல் உணர்த்துகிறது. மகள் தந்தையிடமிருந்து பெற்ற முதல் உடைமை இந்தப் பற்றுதான்.

கணக்கேடு கற்பித்த கதைக்கலை

மொழியாசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. மகளுக்கு ஆறு வயதாகும்போது தந்தை அவளுக்கு ஆட்டக் கணக்கேடு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வீச்சையும் ஓட்டத்தையும் குறியீடுகளால் பதிவு செய்யக் கற்பிக்கிறார். அவர் பகலில் வங்கித் தணிக்கை வேலைக்குச் சென்றிருக்கும்போது அவள் வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுக் கணக்கேட்டை நிரப்புகிறாள். மாலையில் அவர் திரும்பியதும் அக்குறிப்புகளைக் கொண்டு ஆட்டம் முழுவதையும் வாய்மொழியாக எடுத்துரைக்கிறாள். ஆட்ட விவரங்கள் செய்தித்தாளில் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. தான் சொல்லாவிடில் தந்தைக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும் என்றே நம்புகிறாள்.

தொடக்கத்தில் அவள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறாள்; கதை சுவையிழந்து போகிறது. பின்னர்த்தான், தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்று முறைப்படுத்தி, கேட்பவரின் ஆவலை இறுதிவரை பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்கிறாள். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் வரலாறுகளை எழுதி, 1995இல் புலிட்சர் பரிசும் பெற்ற ஒருவர், தம் எழுத்துப் பயிற்சியின் முதல் பள்ளியாக இந்தக் கணக்கேட்டைக் காட்டுகிறார். கட்டுரை எழுதுதலை வாய்பாடாகக் கற்பிப்போர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கேட்பவர் ஒருவர் உண்மையாகவே காத்திருக்கிறார் என்னும் உணர்வு மாணவனுக்கு இருந்தால் நடை தானே பிறக்கும்.

முல்லையின் காத்திருத்தல்

நூலின் தலைப்புக்கு 'அடுத்த ஆண்டு வரட்டும்' என்பது பொருள். டாட்ஜர்ஸ் ரசிகர்கள் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்ட ஆறுதல் மொழி அது. அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. வாகையரைத் தீர்மானிக்கும் 'உலகத் தொடர்' போட்டிக்கு அக்குழு 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளில் சென்று ஏழிலும் தோற்றது. அவற்றுள் ஐந்து தோல்விகள் அதே மாநகரின் செல்வக் குழுவான யாங்கீசிடம் பெற்றவை. 1951இல் உலகத் தொடருக்கே செல்ல இயலவில்லை. ஆகஸ்ட்டில் 13 ஆட்டங்களுக்கு மேல் முன்னிலை பெற்றிருந்த குழு, அக்டோபர் 3ஆம் நாள் மற்றோர் உள்ளூர் எதிரியான ஜயன்ட்ஸ் குழுவின் பாபி தாம்சன் அடித்த ஒரே அடியில் வாய்ப்பை இழந்தது.

தமிழ்த் திணைநெறியில் இந்த உணர்வுக்கு இடமும் பெயரும் உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல்: வருவார் என்னும் உறுதியோடு ஆற்றியிருத்தல். அகத்திணை காதலுக்கு உரியது. ஆட்டத்திற்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், அந்நிலத்து மக்களும் தொழிலும் கருப்பொருளாகவும், அவற்றினின்று எழும் ஒழுக்கம் உரிப்பொருளாகவும் அமைவதே திணைநெறியின் அடிப்படை. இந்நூலில் சிற்றூரின் தெருவும் அரங்கமும் நிலம், வேனில் முதல் அக்டோபர் வரை பொழுது, வானொலியும் கணக்கேடும் இறைச்சிக் கடையும் தேவாலயமும் கரு, காத்திருத்தலே உரி. எனவே பொருத்தம் வலிந்து கொள்ளப்பட்டதன்று.

இந்தக் காத்திருத்தலைக் குட்வின் சிறுநிகழ்ச்சிகளால் உயிர்ப்பிக்கிறார். தெருமுனை இறைச்சிக் கடைக்காரர்கள் ஜயன்ட்ஸ் ரசிகர்கள். 1951 தோல்விக்குப்பின் அவர்கள் முகத்தில் விழிக்க மனமின்றிச் சிறுமி கடைப்பக்கமே போகாதிருக்கிறாள். அவர்களோ அவளுக்கு மலர் அனுப்பி மீண்டும் வரவழைக்கின்றனர். முதன்முதலில் பாவமன்னிப்புக் கேட்கச் செல்லும்போது, எதிர்க்குழு ஆட்டக்காரர்களுக்கு அடிபட வேண்டும் என்று விரும்பிய குற்றத்தை அவள் பாதிரியாரிடம் ஒப்புக்கொள்கிறாள். அடிக்க இயலாமல் தடுமாறிய கில் ஹாட்ஜஸ் என்னும் ஆட்டக்காரருக்குத் தன் புனிதர் பதக்கத்தையே கொடுத்துவிடுகிறாள். நகைச்சுவை மிக்க இந்நிகழ்ச்சிகளின் அடியில் ஓர் அறக்கல்வி நடைபெறுகிறது. எதிரியை வெறுக்காமல் எதிர்க்கவும், தோற்றவரைக் கைவிடாமல் இருக்கவும் ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் டாட்ஜர்ஸ் சீருடையில் களமிறங்கி, இருபதாம் நூற்றாண்டின் பெருங்குழுக்களில் நிலவிய நிறத்தடையைத் தகர்த்தார். இச்சிறுமியின் ஊர்ப்பற்று இதனால் பெருமிதம் பெறுகிறது. தன் குழு வெல்லவேண்டும் என்பதோடு, தன் குழு நல்லதாகவும் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அங்கே முளைக்கிறது. வெறும் பற்றுக்கும் பண்பட்ட பற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் காத்திருத்தலுக்குப் பலன் கிட்டியது. உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டத்தில் 23 வயது ஜானி பாட்ரெஸ் பந்துவீச, டாட்ஜர்ஸ் 2-0 என யாங்கீசை வென்றது. தலைவன் வந்துவிட்டான், முல்லைப்பாட்டு முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். நூல் அங்கே முடிந்திருந்தால் அஃது இனிய நினைவேடாக நின்றிருக்கும், இலக்கியமாக உயர்ந்திருக்காது.

நெய்தலின் இரங்கல்

வெற்றிக்குப்பின் இரண்டே ஆண்டுகள். குழுவின் உடைமையாளர் வால்டர் ஓமாலி பழைய அரங்கத்திற்கு மாற்றாகப் புரூக்ளினிலேயே புதிய அரங்கம் அமைக்க விரும்பினார். அதற்குரிய நிலத்தைத் திரட்டித் தர மாநகரின் கட்டுமான அதிகாரி ராபர்ட் மோசஸ் இணங்கவில்லை. குவீன்ஸ் பகுதியில் வேறோர் இடத்தைச் சுட்டினார். மேற்குக் கடற்கரையின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் அகன்ற நிலத்தோடு அழைத்தது. 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தைக் காண வந்தோர் 6,702 பேர் மட்டுமே. அக்டோபர் 8ஆம் நாள் குழு வெளியேறும் செய்தி முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஜயன்ட்ஸும் அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்தது. 1960இல் அரங்கம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

இங்கே ஓர் எண்ணை மறத்தலாகாது. வெளியேறிய அந்த 1957ஆம் ஆண்டிலும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்பனையாயின. மக்கள் கைவிட்டதனால் குழு போகவில்லை. வேறிடத்தில் இன்னும் மிகுதியாகக் கிடைக்கும் என்பதனால் போயிற்று. அன்பு குறையவில்லை, அன்புக்கு ஆவணம் இல்லை.

'அடுத்த ஆண்டு வரட்டும்' என்னும் சொல்லின் முழுப்பொருள் இப்போதுதான் விளங்குகிறது. காத்திருத்தலுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: வரவேண்டியவர் வருவதற்கு வீடு இருக்கவேண்டும். ஏழு தோல்விகளும் அந்த நிபந்தனையைத் தொடவில்லை. ஓர் ஒப்பந்தம் அதனை அழித்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்தது. ஆனால் புரூக்ளினுக்கு வரவில்லை. முல்லை நெய்தலாகத் திரிந்து, இருத்தல் இரங்கலாகிறது.

குட்வின் இந்தப் பிரிவைத் தனித்து நிறுத்தவில்லை. நெடுநாள் நோயுற்றிருந்த அவருடைய தாய் 1958இல் மறைகிறார்; அப்போது மகளுக்கு வயது 15. பிறகு வீடும் விற்கப்படுகிறது. குழு, தாய், வீடு என்னும் மூன்று இழப்புகளையும் அடுத்தடுத்து வைக்கும்போது, ஒன்றன் துயர் மற்றொன்றின் துயருக்கு மொழியாகிறது. குழுவின் பிரிவைத் தாயின் மறைவுக்கு நிகராக்குவது மிகை என்று குற்றஞ்சாட்ட இடமில்லை. ஏனெனில் நூல் அவற்றை நிகர்ப்படுத்தவில்லை; ஓர் இளமை முடிந்த முறையைக் காட்டுகிறது.

ஹார்ன்பியின் ஊடல்

ஹார்ன்பியின் நூல் இதற்கு நேர்மாறான நிலையிலிருந்து புறப்படுகிறது. அவர் இலண்டனுக்கு மேற்கேயுள்ள மெய்டன்ஹெட் என்னும் ஊரில் வளர்ந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டனர். மகனோடு பொழுதைக் கழிக்க வழிதேடிய தந்தை 1968இல் 11 வயது மகனை ஆர்சனல் குழுவின் ஹைபரி அரங்கிற்கு அழைத்துச் செல்கிறார். அது சிறுவனின் ஊரும் அன்று. தந்தையின் பரம்பரைக் குழுவும் அன்று. குடும்பம் உடைந்த இடத்தில் ஒரு குழு வந்து அமர்ந்தது. குட்வினுக்கு ஊர் குழுவைத் தந்தது. ஹார்ன்பிக்குக் குழு ஊரைத் தந்தது.

நூலின் பகுதிகள் ஆட்ட நாள்களின் வரிசையில் அமைந்துள்ளன. திணைநெறிப்படி நோக்கின் இது மருதத்தின் ஊடல். குழுவைக் குறைகூறுகிறார், சலிப்பூட்டும் ஆட்டம் என்று வைகிறார், அடுத்த வாரமே வாயிற்படியில் நிற்கிறார். 1971க்குப்பின் பதினெட்டு ஆண்டுகள் கிட்டாதிருந்த முதற்பிரிவுப் பட்டம் 1989ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், லிவர்பூலை அதன் அரங்கிலேயே 2-0 என வென்றபோது கிட்டுகிறது. ஆயினும் இந்நூலின் சிறப்பு அவ்வெற்றிக் களிப்பில் இல்லை. தன்னையே கூண்டில் ஏற்றும் துணிவில் இருக்கிறது. 39 பேர் மாண்ட 1985 ஹெய்சல் கொடுமையையும், பின்னர் உயிர்நீத்தோரையும் சேர்த்து 97 பேரைப் பலிகொண்ட 1989 ஹில்ஸ்பரோ கொடுமையையும் அவர் ஒதுக்கிச் செல்லவில்லை. ரசிகர் கூட்டத்தின் உள்ளிருந்தே அதன் நோயைப் பேசுகிறார். தன் பற்று வாழ்வின் பிற கடமைகளை விழுங்கிய அளவையும் மறைக்கவில்லை.

ஆர்சனலும் ஒருகாலத்தில் இடம்பெயர்ந்த குழுதான். 1886இல் தேம்சுக்குத் தெற்கே ஊலிச் படைக்கலச் சாலைத் தொழிலாளரால் தொடங்கப்பெற்று, 1913இல் ஆற்றைக் கடந்து ஹைபரிக்கு வந்தது. அங்கிருந்தும் 2006இல் புதிய அரங்கிற்குச் சென்றது. ஓர் ஊரின் இழப்பு மற்றோர் ஊரின் மரபாகிவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

குட்வின் நூலின் குறை

இந்த உண்மையே குட்வின் நூலின் எல்லையையும் காட்டுகிறது. குழந்தையின் கண் அந்நூலுக்கு அழகு. அதுவே வரம்பும் ஆகும். நிலப்பிணக்கும் ஒப்பந்தமும் அங்கே விரிவான ஆய்வுப்பொருள் ஆகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் 1962இல் திறக்கப்பட்ட டாட்ஜர் அரங்கம் எழுந்த சாவெஸ் ரவீன் என்னும் இடத்தில் அதற்குமுன் மெக்சிக வழியினர் வாழ்ந்தனர். பொது வீடமைப்புத் திட்டத்திற்கென்று தொடங்கிக் கைவிடப்பட்ட நிலக்கையகப்படுத்தலில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கடைசிக் குடும்பங்கள் 1959இல் வலிந்து அகற்றப்பட்டன. குழுவை இழந்த ஊரின் கண்ணீருக்கு ஒரு நூல் கிடைத்தது. வீட்டையே இழந்தோரின் கண்ணீரும் அதே கதையின் பகுதி. ரசிகரின் இரக்கம் தன் ஊரின் எல்லையில் நின்றுவிடுமாயின், அவ்வெழுத்து இனிமையாக இருக்கும், முழுமையாக இராது. ஹார்ன்பியிடம் உள்ள தன்னாய்வு குட்வினிடம் இன்னும் சற்று மிகுந்திருந்தால் அவர் நூல் மேலும் உயர்ந்திருக்கும்.

மேலும், குழுவின் பெயர்ச்சி இயற்கையின் சீற்றம் போலத் தவிர்க்க முடியாதது என்னும் எண்ணத்தை நினைவேடுகள் விட்டுச் செல்கின்றன. அஃது உண்மையன்று. மக்கள்தொகை ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்த கிரீன் பே என்னும் அமெரிக்க ஊரின் பேக்கர்ஸ் குழு, 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரராக உள்ள அமைப்பாக இயங்கிவருகிறது. அதனால் அவ்வூரைவிட்டு அசையவில்லை. இலண்டனின் விம்பிள்டன் குழுவை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல 2002இல் இசைவு வழங்கப்பட்டபோது, ரசிகர்கள் அழுதுகொண்டே நின்றுவிடவில்லை. அதே ஆண்டில் தமக்குச் சொந்தமான புதிய குழுவைத் தொடங்கி, 2020இல் தம் பழைய பகுதிக்கே அதனைக் கொண்டுவந்து சேர்த்தனர். இரங்கல் இலக்கியத்திற்குப் போதும், ஊருக்குப் போதாது.

இங்குள்ள வாசகர்க்கு

இம்மண்ணின் வாசகர்க்கு இக்கதை அயலானதன்று. 1921இல் தொடங்கிய மலேசியக் கிண்ணப் போட்டியில் முதல் வெற்றி சிங்கப்பூருக்குக் கிட்டியது. 1973இல் திறக்கப்பட்ட காலாங் தேசிய அரங்கில் எழுந்த ஆரவாரம் 'காலாங் முழக்கம்' எனவே பெயர்பெற்றது. 1994இல் பகாங் குழுவை 4-0 என வென்று கிண்ணத்தைத் தூக்கிய சிங்கப்பூர், அடுத்த ஆண்டே மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. நுழைவுச் சீட்டு வருவாயின் பங்கு பற்றிய பிணக்கு அதற்கு ஒரு காரணம். அரங்கில் அமர்ந்து முழங்கியவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. சிலாங்கூரை வெறுப்பதுபோல் நடித்து உள்ளூர நேசித்த சிங்கப்பூர் ரசிகருக்கும், சிங்கப்பூரை வெல்வதையே ஆண்டின் பயனாகக் கருதிய சிலாங்கூர் ரசிகருக்கும் ஒரே நாளில் எதிரியும் போயிற்று; உறவும் போயிற்று. பழைய காலாங் அரங்கமும் 2007இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது.

அந்த முழக்கத்தில் தமிழ்க் குரல்களும் கலந்திருந்தன. சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் இலக்குக் காத்த ஆர். ஆறுமுகம் 1988இல் மறைந்தபோது வருந்திய நெஞ்சங்கள் பல. அத்தகைய நினைவுகளைத் தாத்தாமாரும் தந்தையரும் இன்றும் வாய்மொழியாகச் சொல்கின்றனர். மாணவர்கள் அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்ய ஆசிரியர்கள் தூண்டலாம். ஆட்ட முடிவுகளைத் தொகுப்பதற்கன்று. யாருடன் சென்றனர், எந்த வானொலியைச் சுற்றி அமர்ந்தனர், எதிர்க்குழுவை ஆதரித்த அண்டை வீட்டாரோடு மறுநாள் எவ்வாறு பேசினர் என்பவற்றை எழுதுவதற்கு. அவற்றில்தான் ஊர் இருக்கிறது.

முடிவாக நோக்கின், குட்வினின் நூல் முதல்தரமான சுவைஞர் எழுத்து. ஒரு குழந்தையின் பற்று எவ்வாறு மொழியாகவும் அறமாகவும் வளர்ந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. உடைமையின் முன் அன்பு தோற்றதைத் துயரத்தோடு சொல்கிறது. அத்தோல்வியின் காரணங்களையும் அதனால் பிறர் அடைந்த துயரையும் முழுதும் தேடவில்லை. அந்த எஞ்சிய தேடல் இனி எழுதுவோரின் கடமை. தன் ஊரின் குழுவைப் பற்றி எழுத அமரும் எவரும், அது எவ்வளவு ஆட்டங்களில் வென்றது என்பதற்கு முன்னர், அது யாருடையது என்னும் வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும்.